படகு மேலே, நான் உள்ளே

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னைப் பற்றி ஏதாவது உயர்வாக நினைத்துவிடக்கூடும். (அதற்கு வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் ஒரு எச்சரிக்கை.) நீச்சல் தெரியாத ஒருவன் படகு வாங்கினான். அதைத் தன் காரின் தலையில் கட்டினான். கட்டிக்கொண்டு நேராக வெள்ளத்துக்குள் ஓட்டினான். அந்த அதிமேதாவி நான்தான்.

படகு என்றால் கட்டுமரம், லாஞ்சு என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். கயாக். ஒரு ஆள் மேலே உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டையாக இருக்கும் துடுப்பால் இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு என்று போகிற பிளாஸ்டிக் சமாசாரம். பத்தடி நீளம். பளீரென்ற மஞ்சள். அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் முட்டுக்காட்டுப் பக்கம் அழைத்துப்போய்க் கயாக்கில் உட்கார வைத்தார்கள். இருபது நிமிடம் நான் கவிழவில்லை. அந்த இருபது நிமிடத்தில் என் தலைக்குள் ஏதோ ஒன்று கவிழ்ந்துவிட்டது. வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவர் தன் கயாக்கை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோது, முதலில் உயர்ந்த கை என்னுடையது.

குட்டியானை என்கிற சின்ன லாரியில் அது மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கார் நிறுத்துமிடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. கீழ் வீட்டில் அதன்மேல் மிதியடிகளைக் காயப்போட்டார்கள். கொசு மருந்து அடிக்க வந்தவர் அதற்குள் தேங்கியிருந்த மழைநீரை எட்டிப் பார்த்துவிட்டு, கிரிமினலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். சங்கச் செயலாளர் மாதாந்திரக் கூட்டத்தில் 'மஞ்சள் பொருள்' என்றே ஒரு தனித் தலைப்பு வைத்திருந்தார்.

என் மாமனார் முதன்முதலில் அதைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் முப்பது வருடத்துக்கு மேல் ஜவுளிக்கடை நடத்தியவர். எதையும் இரண்டு விரலால் தடவிப் பார்த்துத் தரம் சொல்வார். கயாக்கையும் தடவினார்.

"இதுல எத்தன பேரு போலாம் மாப்ளே?"

"ஒருத்தர் மாமா."

"எங்க போலாம்?"

"எங்கன்னு இல்ல. கொஞ்ச தூரம் போயிட்டு, திரும்பி வந்த இடத்துக்கே வந்துடலாம்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "அதுக்கு அங்கனயே இருந்துரலாம்லா?"

என் மனைவி சுபா அன்று சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டில் பால் குக்கர் விசில் அடித்தது கூடக் கேட்கவில்லை.

பிறகு அந்த டிசம்பர் வந்தது. இரண்டு நாள் விடாமல் புயல் மழை. மந்தைவெளியில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் மாமனாரும் மாமியாரும் கடையை மூத்த மகனிடம் விட்டுவிட்டுப் பெருங்குடியில் ஓர் உள்தெருவில் தனி வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். மூத்தவர் அப்போது குடும்பத்தோடு ஊர்ப்பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. மொட்டை மாடிக்குப் போக வெளியில் ஒரு இரும்புச் சுழல் படி மட்டும் உண்டு. அத்தைக்கு (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, தகடு வைத்துத் தைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தையல்கூடப் பிரிக்கவில்லை. அந்தச் சுழல் படியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவது என்பது நடக்கிற காரியமே இல்லை.

காலை ஏழு மணிக்கு மாமாவின் போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"மாப்ளே, வீட்டுக்குள்ள முட்டளவு வந்துட்டு. இன்னும் ஏறுது. உங்க அத்தையச் சாப்பாட்டு மேசையில மெத்தயப் போட்டுப் படுக்க வச்சிருக்கேன். அந்த மஞ்சப் படகு இருக்குல்லா?"

"இருக்கு மாமா!"

"அவளால உக்கார முடியாது. அதுல படுக்க வச்சு, நாம ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் புடிச்சுத் தள்ளிக்கிட்டே மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துரலாம்லா?"

அருமையான யோசனை. நீச்சல் தேவையில்லை, துடுப்பு தேவையில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தால் போதும். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் எனக்கு அத்தையின் இடுப்பைப் பற்றிய கவலையைவிட என் நெஞ்சின் அகலம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒன்றரை வருடக் கேலிக்கு ஒரே அடியில் பதில் கிடைத்துவிட்டது.

"ஒரு மணி நேரத்துல நான் படகோட அங்க இருப்பேன் மாமா. நீங்க எங்கயும் நகராதீங்க" என்றேன். அதோடு இணைப்பு போய்விட்டது. அதன் பிறகு அன்று முழுவதும் கிடைக்கவே இல்லை.

அந்த மழையில் எந்த வண்டிக்காரர் வருவார்? என் காரில்தான் ஏற்றியாக வேண்டும். சின்னக் கார். மேலே கேரியர் கிடையாது. படகைக் காரின் கூரையில் எப்படிக் கட்ட வேண்டும் என்று விளக்குகிற வீடியோ ஒன்றை முன்பு எப்போதோ பார்த்திருந்தேன். பதினான்கு நிமிட வீடியோ. நான்கு நிமிடம் பார்த்தேன். படகின் மூக்கையும் வாலையும் காரின் முன்னாலும் பின்னாலும் கீழே இழுத்துக் கட்ட வேண்டும் என்பது பத்தாவது நிமிடத்தில் வருகிறதாம். (பிறகு முழுதாகப் பார்த்தேன். காரே இல்லாதபோது.)

கூரையில் ரஜாய்ப் போர்வையை மடித்துப் போட்டேன். செயலாளரே குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு கை கொடுத்துப் படகைத் தூக்கினார். "ஒருவேளை இதை அங்கேயே விட்டுட்டு வர மாதிரி ஆயிட்டா, எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னார். மொட்டை மாடியிலிருந்து துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். கயிற்றைப் படகின்மேல் போட்டு, இடது ஜன்னல் வழியாகக் காருக்குள் விட்டு, வலது ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மறுபடி படகின்மேல் சுற்றி இறுக்கினேன். முன் ஜன்னல்களில் மூன்று சுற்று. பின் ஜன்னல்களில் மூன்று சுற்று. முழங்காலைக் காரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். படகு அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

சுபா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு உள்ள போய் வெளிய வருதே, கதவை எப்படித் திறப்பீங்க?"

நான் கதவை இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. நான்கு கதவுகளும் படகோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவிழ்த்துக் கட்ட இன்னும் ஒரு மணி நேரமாகும். அதைவிட, தப்புச் செய்துவிட்டேன் என்று அவள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஜன்னல் எதுக்கு இருக்கு?" என்றேன்.

ஜன்னல் வழியாகத் தலையை முதலில் விட்டு ஏறினேன். படகோடு வந்த லைஃப் ஜாக்கெட் வேறு போட்டிருந்தேன். பாதி உள்ளே போன பிறகு தொப்பையும் ஜாக்கெட்டும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. செயலாளர் பின்னாலிருந்து தள்ளினார். கியர் கம்பியில் மூக்கு இடித்தது. ஒரு வழியாகத் திரும்பி உட்கார்ந்து, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். (சட்டத்தை மதிக்கிறவன்.) மழை உள்ளே அடித்ததால் கண்ணாடிகளைக் கயிறு இருக்கும் இடம் வரை ஏற்றினேன். மேலே நான்கு விரல் அளவுக்கு இடைவெளி. கழற்றிவைத்த துடுப்பின் இரண்டு துண்டுகளையும் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது மணி எட்டரை.

மந்தைவெளி டீக்கடையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் தடுப்பை நகர்த்தி எனக்கு மட்டும் வழிவிட்டார். ஒரு இளைஞன் பைக்கில் கூடவே வந்து வீடியோ எடுத்தான். நான் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை அந்த வீடியோவில் இப்போது பார்த்தால் எனக்கே அறையலாம் போலிருக்கிறது.

அடையாறு பாலத்தில் காற்று பிடித்துக்கொண்டது. கீழே ஆறு காப்பி நிறத்தில் இரு கரையும் முட்டிப் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடத்தில் சொன்னார்கள் அல்லவா, அந்த மூக்குக் கயிறு, அது இல்லாததால் படகின் முன்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. பிறகு 'டமார்' என்று கண்ணாடிக்கு மேலே விழுந்தது. மறுபடி எழும்பியது. காரே பறக்கப் பார்ப்பதுபோல் இருந்தது. நான் ஒரு கையால் ஸ்டியரிங்கையும், மறு கையால் தலைக்கு மேலே போன கயிற்றையும் பிடித்துக்கொண்டு, பேருந்தில் தொங்குபவனைப் போல் என் காரையே ஓட்டினேன். நடந்து போனவர்கள் என்னை முந்தினார்கள்.

தெருக்கள் பல மூடியிருந்தன. ஒன்றில் மரம், ஒன்றில் மின்கம்பி. சுற்றிச் சுற்றித் தரமணி தாண்டும்போதே பத்தரை ஆகிவிட்டது. அங்கே ஓரிடத்தில் ஒரு பெண் கையில் குழந்தையோடு கை காட்டி நிறுத்தினாள். "அண்ணா, அந்தப் பக்கம் மட்டும் விட்டுடுங்கண்ணா" என்றாள். கதவு திறக்காது என்று இடைவெளி வழியாகக் கத்தினேன். அவளுக்குக் கேட்டதா, புரிந்ததா, தெரியவில்லை. படகை வைத்துக்கொண்டு ஏற்றிக்கொள்ளாமல் போகிறவனை மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். அவளை விட்டுவிட்டுப் போனேன்.

பெருங்குடிக்குத் திரும்பும் சாலையில் தண்ணீர் பாதிச் சக்கரத்துக்கு நின்றது. முன்னால் ஒரு லாரி போயிற்று. லாரி போகிறதென்றால் நானும் போகலாம் என்று நினைத்தேன். எதிரே இன்னொரு லாரி வந்து எழுப்பிய அலை என் பானெட்டின்மேல் ஏறி இறங்கியது. இன்ஜின் ஒருமுறை இருமியது. நின்றது.

சாவியைத் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு ஐந்து நிமிடம் அந்த முட்டாள்தனத்திலேயே போயிற்று. அதற்குள் தண்ணீர் கதவின் அடிவழியாக வந்து பாதத்தை நனைத்தது. சரி, இறங்கிப் படகை அவிழ்த்துத் தள்ளிக்கொண்டு போவோம், இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்று கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளே எங்கோ 'க்ளக்' என்றது. அதோடு காரில் மின்சாரம் என்பதே இல்லாமல் போயிற்று.

கதவை உதைத்தேன். அரை அங்குலம் அசைந்து கயிற்றில் நின்றது. காலை நீட்டிப் பக்கத்துக் கதவையும் உதைத்தேன். முடிச்சு வெளியில், படகுக்கு மேலே இருந்தது. கத்தி இல்லை. சாவியால் அறுத்தேன். நைலான் கயிறு பளபளப்பானது. கிரெடிட் கார்டால் அறுத்தேன். கார்டு உடைந்தது. தலைக்கு மேலே போன கயிற்றைப் பல்லால் கடித்தேன். பல் உடைந்தது. (கீழ்வரிசை, இடது பக்கம். இப்போது இருப்பது கட்டிய பல்.) சீட்டின் தலையணைக் கம்பியை உருவிக் கண்ணாடியை உடைக்கலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். உருவி ஓங்கி அடித்தேன். அது கண்ணாடியில் வழுக்கி வந்து என் முழங்காலைத் தாக்கியது.

தண்ணீர் சீட்டுக்கு வந்தது. மடிக்கு வந்தது. சில்லென்று, சாக்கடை வாடையோடு. தரைவிரிப்பு மிதந்து வந்து என்னைத் தொட்டபோது அலறிவிட்டேன். பிறகு கார் லேசாக ஆடியது. சக்கரம் தரையை விடுகிறது என்று புரிந்தது. கார் மிதந்து, மிக நிதானமாக, சாலையோரக் கால்வாய் இருக்கும் பக்கம் நகர ஆரம்பித்தது.

அப்போது பயந்தேன். அதுவரை இருந்தது பதற்றம். இது வேறு. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே படகை வைத்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்கிச் சாகப்போகிறேன். சாவு வீட்டில் யார் இதை எப்படி எடுத்துச் சொல்வார்கள்? கேட்கிறவர்கள் எப்படிச் சிரிக்காமல் இருப்பார்கள்? சுபா என்ன செய்வாள்? இதெல்லாம் தோன்றியது. அத்தை மேசையில் படுத்திருப்பதும் தோன்றியது. ஆனால் கடைசியாகத்தான் தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கார் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. நான் துடுப்பின் ஒரு துண்டில் என் காலுறையைக் கட்டி, கண்ணாடி இடைவெளி வழியாக வெளியே நீட்டி ஆட்டினேன். எவ்வளவு நேரம் ஆட்டினேன் என்று தெரியாது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. ஜாக்கெட் என்னை மேலே தூக்க, சீட் பெல்ட் கீழே இழுத்தது. (அதை அவிழ்க்கவே மறந்திருந்தேன்.)

மோட்டார் சத்தம் கேட்டது. சாலையின் நடுவே ஒரு பெரிய ஃபைபர் படகு வந்தது. நொச்சிக்குப்பத்து மீனவர்கள். தங்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தண்ணீர் ஆரம்பிக்கிற இடத்தில் இறக்கி, தெருத்தெருவாக ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர். முன்னால் நின்றவர் பெயர் கன்னியப்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் காரைப் பார்த்தார். மேலே இருந்த படகைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடி வழியாக உள்ளே இருந்த என்னைப் பார்த்தார்.

"இன்னா சார்," என்றார், "படகு மேல கீது, நீ இன்னா உள்ள குந்திக்கினு கீற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பல் போன இடத்திலிருந்து ரத்தம்தான் வந்தது.

"டேய், கட்டிக்கீறான்டா! கதவோட சேத்து கட்டிக்கீறான்!" என்றார் பின்னால் இருந்தவரிடம். மூவரும் ஒரு நொடி சிரித்தார்கள். ஒரே நொடிதான். அடுத்த நொடி கன்னியப்பன் கழுத்தளவுத் தண்ணீரில் குதித்து, இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை இரண்டே இழுப்பில் அறுத்துவிட்டார். நான் பல்லைக் கொடுத்தும் அறாத கயிறு. கயாக் சறுக்கித் தண்ணீரில் இறங்கியது. வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் நிஜமான தண்ணீரைப் பார்த்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. கதவை இழுத்துத் திறந்து, சீட் பெல்ட்டையும் அறுத்து, என்னை ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துப் படகுக்குள் போட்டார்கள்.

"அய்யா, என் மாமியார், இடுப்பு ஆபரேஷன், மேசை மேல..." என்று உளறினேன்.

"எங்க கீது ஊடு? கை காட்டு. அழுவாத நைனா, போலாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வீட்டுக்குள் தண்ணீர் மேசையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மெத்தை ஊறியிருந்தது. அத்தை வெளுத்துப்போய்க் கண்ணை மூடிக்கிடந்தார். மாமா மேசையை அணைத்தபடி, ஒரு கையில் எக்ஸ்ரே படங்களைப் பிளாஸ்டிக் உறையோடு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வரை தண்ணீரில் நின்றிருந்தார். காலையிலிருந்து அப்படியே நிற்கிறார். உதடு நீலமாகியிருந்தது. வாசல் வழியாக என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க முடியாது.

"ஏட்டி, நான் சொன்னேம்லா, மாப்ள படகோட வந்துட்டாவ!" என்றார். பிறகு வாசலில் நின்ற ஃபைபர் படகை ஏற இறங்கப் பார்த்து, "படகு அன்னைக்குப் பாத்ததவிடப் பெரிசா இருக்கே மாப்ளே" என்றார்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். (தரை எங்கே இருந்தது? தண்ணீரைப் பார்த்தேன்.) அவர் மற்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு கதவைக் கழற்றி, அதில் அத்தையை மெத்தையோடு கிடத்தி, அவர்கள் மூவரும் நானுமாகத் தூக்கிப் படகில் வைத்தோம். நான் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதிர் வீட்டு மாடியில் தனியாக இருந்த ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரையும் இறக்கி ஏற்றிக்கொண்டோம். அவர் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான் படகு வெச்சிருக்கிற மாப்பிள்ளையா? காலைல ஒம்பது மணிக்கே ஒரு ரப்பர் படகு வந்துது சார். வீட்டு வாசல்லயே நின்னுது. உங்க மாமனார்தான், எங்களுக்கு ஆள் வருது, என் மருமகன் படகோட கெளம்பிட்டாரு, நீங்க அடுத்த தெருவுல புள்ளத்தாச்சி இருக்கா, அவளை ஏத்துங்கன்னு அனுப்பி வெச்சாரு. பெரிய மனசு."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரே உறையில் தண்ணீர் போயிருக்கிறதா என்று மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணி. நான் அப்போது அடையாறு பாலத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அத்தை பத்து மணிக்கு ஒரு காய்ந்த படுக்கையில் இருந்திருப்பார்.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கன்னியப்பன் பேச ஆரம்பித்தார். "இந்த சாரை எப்படிப் புட்ச்சோம் தெரியுமா பெரியம்மா?" என்று அத்தையிடம் சொன்னார். கார், கயிறு, ஜன்னலில் ஆடிய காலுறை, எல்லாவற்றையும் சொன்னார். 'படகு மேல கீது, நீ இன்னா உள்ள குந்திக்கினு கீற' என்று தான் கேட்டதையும் நடித்துக் காட்டினார். அத்தை கண்ணைத் திறந்தார். சிரித்தார். சிரித்ததும் இடுப்பு வலித்தது. அம்மா என்று முனகினார். மறுபடி சிரித்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அது வலியா சிரிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தையல் வழியாக வெள்ளத் தண்ணீர் போய்ப் புண் சீழ் பிடித்துவிட்டது. ஏழு வாரம் மருத்துவமனை. தகட்டை எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி வைத்தார்கள். ஒருமுறை டாக்டர் எங்களைத் தனியாக அழைத்துப் பேசினார். அந்தப் பேச்சை எழுத விரும்பவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கால் ஒரு அங்குலம் குறைந்துவிட்டது. செருப்பில் தனி அடிப்பாகம் வைத்துத் தைத்துக்கொள்கிறார். இரண்டு எட்டுக்கு ஒருமுறை தோள் சாய்கிறது.

கார் அந்தக் கம்பத்தோடு போயிற்று. கயாக்கை மட்டும் நாலைந்து நாள் கழித்து ஒரு வாட்ஸ்அப் படத்தில் பார்த்தேன். யாரோ இரண்டு பெண்கள், துடுப்புக்குப் பதில் தோசைத் திருப்பி போன்ற எதையோ வைத்து வலித்துக்கொண்டு, அதில் பால் பாக்கெட்டுகளும் ஓர் ஆட்டுக்குட்டியும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நான் கூட இல்லாதபோது அது மிகவும் உபயோகமான படகாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் இந்தக் கதை உண்டு. சொல்வது அத்தைதான். வேறு யாரையும் சொல்ல விடமாட்டார். நான் ஜன்னலில் புகுந்தது, செயலாளர் பின்னாலிருந்து தள்ளியது (இது சுபா கொடுத்த தகவல்), பல் உடைந்தது எல்லாம் வரிசையாக வரும். கன்னியப்பன் குரலில், நெல்லைத் தமிழ் துளியும் கலக்காமல், "படகு மேல கீது" என்பார். கூடம் அதிரும். எங்கள் வீட்டில் யாராவது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடினாலும், கேஸ் அடுப்பைப் பற்ற வைக்காமல் பால் காயக் காத்திருந்தாலும், இதே வசனம்தான். என் மகளின் பள்ளித் தோழிகளுக்குக்கூடத் தெரியும்.

பல வருடம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். அத்தையின் கதையில் அந்த ரப்பர் படகு கிடையாது. காலை ஏழு மணிப் போனிலிருந்து நேராகப் பகல் ஒரு மணிக்குத் தாவிவிடுவார். மேசையில் கிடந்த நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மாமாவும் சொன்னதில்லை. சுபாவுக்கு அது இன்றுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் தி.நகரில் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். அத்தை வழக்கம்போல் கதையைச் சொல்லி முடித்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "அதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு அத்தை. அன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்கே..." என்று ஆரம்பித்தேன். சுபா என் பக்கம் திரும்பினாள். மாமா தன் வேட்டிக் கரையைத் தடவ ஆரம்பித்தார்.

"கதைய நீட்டாதீய மாப்ளே," என்றார் அத்தை. "எல போட்டாச்சு. பசிக்கி, எந்திரிக்க ஒரு கை குடுங்க."

கை கொடுத்தேன். எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். பந்தி நடக்கும் கூடம் வரை, இரண்டு எட்டுக்கு ஒருமுறை, அவர் கனம் முழுவதும் என்மேல் விழுந்து எழுந்தது.